நடு பி.டி.ஆர்.: மதுரையில் ஒரு மிதவாதியின் அரசியல்

மதுரையில் ஒருவர் "பி.டி.ஆர்." என்று சொன்னால், சொல்பவரின் வயதைப் பார்த்துத்தான் எந்தப் பி.டி.ஆர். என்று முடிவு செய்ய வேண்டும். எண்பதைத் தாண்டிய பெரியவர் என்றால் அது பி.டி. ராஜன், நீதிக்கட்சிக்காரர், மீனாட்சியம்மன் கோயில் திருப்பணி செய்தவர். ஐம்பது, அறுபது வயதுக்காரருக்கு அது சபாநாயகராக இருந்த பழனிவேல்ராஜன். இன்றைய இளவட்டங்களுக்கு அவருடைய மகன் பழனிவேல் தியாகராஜன். தாத்தாவுக்கு வரலாற்றில் இடம் உண்டு, பேரன் வாயைத் திறந்தாலே செய்தி. நடுவில் இருப்பவரைப் பற்றி "நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார்" என்பதற்கு மேல் ஊரில் யாரும் அதிகம் சொல்வதில்லை.

அந்த "அதிர்ந்து பேச மாட்டார்" என்பதைக் குணம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய அரசியலின் பாதி புரியாது. அவர் குடும்பம் ஒரு காலத்தில் நீதிக்கட்சி என்ற ஒரு கட்சியையே கையில் வைத்திருந்தது. அந்தக் கட்சி கலைந்தபின் வேறு ஒரு கட்சியின், திமுகவின், வாசலுக்கு வந்தது. வந்தபோது கையில் இருந்தது பெயர்தான். கிளைச் செயலாளர்கள் இல்லை, வட்டச் செயலாளர்கள் இல்லை. சாதிக் கணக்கும் கிடையாது. முதலியார் தலைக்கட்டுகள் மதுரை, தேனி வட்டாரத்தில் தேர்தலைத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை. அப்படி வந்தவர் உரக்கப் பேசினால் பின்னால் நிற்க ஆள் இருக்காது. தணிந்து பேசினால் எல்லாத் தரப்புக்கும் பொதுவானவராக இருக்கலாம். பழனிவேல்ராஜன் இரண்டாவதைச் செய்தார், அதற்குரிய பலனும் கிடைத்தது.

குடும்பக் கதை உத்தமபாளையத்தில் தொடங்குகிறது. 1892இல் பிறந்த பி.டி. ராஜன் ஆக்ஸ்போர்டில் படித்து, பாரிஸ்டர் பட்டத்தோடு ஊர் திரும்பி, 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். 1930இல் அமைச்சர். 1936இல் முதலமைச்சர் பொப்பிலி ராஜா வெளிநாட்டில் இருந்தபோது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்த நாற்காலியில் இருந்தார். நான்கு மாதம் சொச்சம்தான், ஆனாலும் முதலமைச்சர் முதலமைச்சர்தானே.

நீதிக்கட்சி பற்றி இன்று பேசும்போது அதைத் திராவிட இயக்கத்தின் முதல் அத்தியாயம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஜமீன்தார்களும் வக்கீல்களும் மிராசுதார்களும் நடத்திய கட்சி. மனு கொடுப்பது, சட்டசபையில் தீர்மானம் போடுவது, ஆணை பெறுவது என்பதுதான் அவர்கள் வழி. தெருவில் இறங்குவது அவர்களுக்கு ஒத்துவராது. 1944இல் சேலம் மாநாட்டில் பெரியார் கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றினார்; வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றார்கள். ஒரு பிரிவு அதற்கு ஒப்பவில்லை. பழைய பெயரோடு தனியாக நின்ற அந்தப் பிரிவுக்குச் சீக்கிரமே பி.டி. ராஜன் தலைவரானார். 1952 பொதுத் தேர்தலில் அந்த நீதிக்கட்சி சார்பில் வென்றவர் ஒரே ஒருவர். கம்பம் தொகுதியில் பி.டி. ராஜனே. தலைவரும் அவர், சட்டமன்றக் கட்சியும் அவர். அதற்கப்புறம் அந்தக் கட்சி ஓய்ந்துவிட்டது.

இன்னொரு சங்கதி. பி.டி. ராஜன் கோயில்காரர், அதை ஒளித்ததும் கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலின் 1963 குடமுழுக்குத் திருப்பணிக்குத் தலைமை ஏற்றவர் அவர். 1950இல் சபரிமலைக் கோயில் எரிந்த பிறகு அங்கே வைக்கப்பட்ட ஐம்பொன் ஐயப்பன் சிலையைச் செய்து கொடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பெரியாரோடு ஒரே கட்சியில் இருந்தவர் ஐயப்பனுக்குச் சிலை கொடுத்தார் என்றால் இப்போது சிலருக்கு முரணாகத் தெரியும். நீதிக்கட்சிக்காரர்களுக்கு அதில் முரண் இல்லை. கோயிலை ஒழிக்க அவர்கள் கேட்கவில்லை. கோயில் நிர்வாகத்தில் கணக்கு வேண்டும் என்றார்கள். இன்றைய அறநிலையத் துறையின் வேர் 1920களில் நீதிக்கட்சி அரசு கொண்டுவந்த சட்டத்தில்தான் இருக்கிறது.

உத்தமபாளையம், தேனிப் பக்கம் போனால் அவர் பெயர் இன்னும் தண்ணீரில் ஓடுகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பி.டி.ஆர். கால்வாயிலும் தந்தை பெரியார் கால்வாயிலும் திறந்துவிடும் செய்தி நாளிதழ்களின் தேனிப் பக்கத்தில் வருஷா வருஷம் வரும். இரண்டும் சேர்ந்து 5,146 ஏக்கர் பாசனம். கட்சிப் பெயரை வைத்து மோதிக்கொண்ட இருவர் பெயரும் ஒரே பொதுப்பணித் துறை அறிவிப்பில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. எத்தனை நாளைக்குத் தண்ணீர், கடைமடைக்கு வந்து சேருமா என்பதுதான் அவர்கள் கவலை.

இந்த வீட்டில் 1932இல் பிறந்தவர் பழனிவேல்ராஜன். அவர் திமுகவில் இருந்த காலத்தில் மதுரைத் திமுக என்பது தனி உலகம். மாணவர் போராட்டத்தில் சிறை போனவர்கள், மேடையில் மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள், வட்டத்துக்கு வட்டம் ஆள் வைத்திருந்தவர்கள் எல்லாம் அங்கே உண்டு. மதுரை மேற்குத் தொகுதி இன்னும் கஷ்டமான இடம், 1980இல் எம்.ஜி.ஆரே நின்று வென்ற தொகுதி அது. 1989இல் திமுகவுக்காக அங்கே வென்ற பொன். முத்துராமலிங்கம், வைகோ பிரிந்தபோது மதிமுகவுக்குப் போய்விட்டார். 1996இல் அந்த இடத்தில் பழனிவேல்ராஜன் நின்று ஜெயித்தார். அந்த ஆண்டு அலை எப்படிப்பட்டது என்பது ஊரறிந்த விஷயம்: திமுக 173, கூட்டணியில் இருந்த தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) 39, ஆளுங்கட்சியாக இருந்த அதிமுக வெறும் 4. அலையில் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லலாம். சரி, சொல்லலாம். ஆனால் ஜெயித்த 173 பேரில் சபாநாயகராக ஒருவரைத்தானே எடுக்க முடியும்.

அவரை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அந்த நாற்காலியின் முந்தைய கதை தெரிய வேண்டும்.

1972இல் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டபின் சபாநாயகர் மதியழகனுக்கும் ஆளுங்கட்சிக்கும் முட்டிக்கொண்டது. டிசம்பர் 2ஆம் தேதி சபையில் ஒரு பக்கம் மதியழகன் சபை நடத்த, பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டுத் துணைச் சபாநாயகர் சீனிவாசன் சபை நடத்தினார். 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தாரே, அதே சீனிவாசன்தான். ஒரே நேரத்தில் இரண்டு சபாநாயகர்கள். 1987இல் அப்போதைய சபாநாயகர் பி.எச். பாண்டியன், சபாநாயகருக்கு "வானளாவிய அதிகாரம்" உண்டு என்றார். ஆனந்த விகடனின் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக அதன் ஆசிரியர் சிறைக்குப் போனார். 1988 ஜனவரியில் ஜானகி அம்மாள் நம்பிக்கை வாக்கு கேட்ட நாளில் சபைக்குள் அடிதடி, போலீஸ் தடியடி. 1989 மார்ச் 25 பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்ஜெட் வாசிக்க எழுந்த முதலமைச்சரில் தொடங்கி, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா கலைந்த தலையோடு வெளியேறியதில் முடிந்த நாள்.

இத்தனைக்கும் பிறகு அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? சத்தம் போடாதவராக வேண்டும், சட்டசபை மரபு தெரிந்த வீட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. கட்சிக்குள் தனக்கென்று ஒரு கோஷ்டி வைத்திருக்கக் கூடாது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். மதியழகன் கதையிலிருந்து திமுக தலைமை கற்ற பாடம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் பொருந்தியவர் பழனிவேல்ராஜன். துணைச் சபாநாயகராக வந்தவர் பரிதி இளம்வழுதி. முந்தைய ஐந்தாண்டில் எதிர்க்கட்சி வரிசையில் கிட்டத்தட்டத் தனியாளாக நின்று கத்தியவர். மேலே குளிர்ச்சி, பக்கத்திலேயே சூடு. கருணாநிதியின் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்தில் சபாநாயகர் பதவி மதுரை வட்டாரத்துக்கே எழுதிக் கொடுத்தது போல இருந்தது. 1991 முதல் 1996 வரை சேடபட்டி முத்தையா. அடுத்து பழனிவேல்ராஜன். 2001இல் அதிமுக திரும்பி வந்தபோது திருமங்கலத்தில் வென்ற கா. காளிமுத்து. மூவரும் மூன்று ரகம். முத்தையா தரை மட்டத்திலிருந்து ஏறிய கட்சிக்காரர், காளிமுத்து இலக்கிய மேடைப் பேச்சாளர், நடுவில் இவர்.

சபாநாயகர் என்ன செய்கிறார் என்பது வெளியில் பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. காலையில் சபை கூடியதும் ஒரு குறளை வாசித்துப் பொருள் சொல்லித் தொடங்குவார். கேள்வி நேரத்தில் யார் துணைக்கேள்வி கேட்கலாம், கவன ஈர்ப்பை எடுத்துக்கொள்வதா வேண்டாமா, எந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும், யாரை அவைக்காவலர் வெளியே அழைத்துப் போவார், எல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. சாதாரணமாக வாக்களிக்க மாட்டார். இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் வாக்கு. கட்சித் தாவல் புகாரில் ஓர் உறுப்பினரின் பதவி போகுமா நிற்குமா என்று முதலில் முடிவு செய்வதும் அவர்தான். இவ்வளவு கொடுத்த அரசியல் சட்டம் கட்சியை விட்டு விலகு என்று மட்டும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் நடுநிலையாக இருந்துவிட்டு, அடுத்த தேர்தலில் அதே கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எந்த மனிதரும் முழு நடுநிலையாக இருப்பார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. எதிர்க்கட்சிக்காரரின் மைக்கை எவ்வளவு நேரம் ஓட விடுகிறார் என்பதை வைத்துத்தான் ஆளை எடை போட முடியும்.

பழனிவேல்ராஜனுக்கு அந்தச் சோதனை கடுமையாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிமுகவுக்கு நான்கு பேர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சோ. பாலகிருஷ்ணன் தமாகாக்காரர், அந்தக் கட்சியே ஆளுங்கட்சியின் கூட்டாளியாகத் தேர்தலில் நின்றது. இப்படி ஒரு சபையை அமைதியாக நடத்துவது பாண்டியனோ மதியழகனோ சந்தித்த நாட்களோடு ஒப்பிட்டால் சுலபம். அமைதியான சபாநாயகர் என்ற பெயரில் பாதி அவருடைய இயல்பு, பாதி அந்த எண்ணிக்கை.

சபைக்கு வெளியே அந்த ஐந்து வருஷம் அமைதியாகவே இல்லை. 1997 ஜூன் 30இல் மேலூர் பக்கம் மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தேர்தலே நடத்த முடியாமல் பத்து வருஷம் ஓடியது, 2006இல்தான் நடந்தது. இதெல்லாம் மதுரை மாவட்டத்துக்குள். மாவட்டத்தின் பெரிய பதவிக்காரர் ஒருவர் அப்போது சென்னையில் சபாநாயகர். அவர் இதில் என்ன பேசினார் என்று கேட்பது நியாயம்தான், ஆனால் உட்கார்ந்திருந்த இடம் பேச விடாத இடம். சபாநாயகர் தன் தொகுதிக்குச் சாலை வேண்டும் என்றுகூடச் சபையில் எழுந்து கேட்க முடியாது. மிதவாதிகளை அந்த நாற்காலிக்கு அனுப்புவதில் கட்சிகளுக்கு இருக்கும் வசதியும் இதுதான்: மரியாதை கொடுத்தாயிற்று, வாயையும் கட்டியாயிற்று. மிதவாதம் என்றால் எல்லோருக்கும் நல்லவராக இருப்பது என்று ஆகிவிடும்போது, மேலவளவு போன்ற இடத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் மிதவாதி அல்ல.

2006இல் அவர் நின்றது மதுரை மத்தியத் தொகுதி. மீனாட்சி கோயிலைச் சுற்றிய மாசி வீதிகள், தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள், சௌராஷ்டிரர்கள், காஜிமார் தெரு முஸ்லிம்கள் என்று எந்த ஒரு சமூகமும் தனியாக முடிவு செய்ய முடியாத ஊர் நடு. இவர் மாதிரி ஆளுக்கு ஏற்ற தொகுதி. ஜெயித்தார். திமுகவுக்கு 96 இடம்தான், கூட்டணி ஆதரவில் ஆட்சி. மே 13இல் அமைச்சரவை பதவியேற்றபோது அவருக்கு இந்து சமய அறநிலையத் துறை கிடைத்தது. திருப்பணிக் குழுத் தலைவரின் மகனுக்கு அறநிலையத் துறை. பகுத்தறிவு பேசும் கட்சிக்கு, கோயில் வாசலில் சங்கடமில்லாமல் நிற்கும் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் திமுகவில் இல்லை.

ஒரே வாரம். மே 20இல் அவர் இறந்துபோனார். மூன்று நாள் கழித்து, மே 23இல், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை வந்தது. அவர் துறையின் ஆணைதான்; ஆனால் அவர் இல்லை. துறை பின்னர் கே.ஆர். பெரியகருப்பனிடம் போனது. அந்த ஆணையின்படி அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி திறந்த ஊர்களில் மதுரையும் ஒன்று. வழக்குகளில் இழுத்தடித்து 2018இல் பயிற்சி பெற்ற ஒருவர் முதன்முதலில் நியமிக்கப்பட்டதும் மதுரையில்தான், தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில். பி.டி. ராஜன் கொடுத்தது சபரிமலைக்கு என்றாலும் ஊர்க்காரர்கள் இந்தத் தற்செயலைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

அவர் போனபின் மதுரை அரசியல் எப்படி மாறியது என்று பார்த்தால்தான் அவர் எந்த ரகம் என்பது துல்லியமாகத் தெரியும். 2006 அக்டோபரில் மத்தியத் தொகுதிக்கு இடைத்தேர்தல். திமுகவின் சையத் கவுஸ் பாஷா வென்றார். அப்போதிருந்தே ஊர் மு.க. அழகிரியின் கையில் என்பது சுவர்களைப் பார்த்தாலே தெரியும். "அஞ்சா நெஞ்சன்" பிளக்ஸ் இல்லாத முக்கு கிடையாது. 2007 மே 9இல் ஒரு கருத்துக்கணிப்புக்காகத் தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் செத்தார்கள். 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். திமுக வேட்பாளர் 39 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார்; வாக்குக்குப் பணம் என்பதற்கு "திருமங்கலம் ஃபார்முலா" என்று நாடு முழுக்கப் பெயரே வந்துவிட்டது. அந்தச் சந்தையில் "நல்ல மனுஷன்" என்பதற்கு விலை கிடையாது. 2011இல் மத்தியத் தொகுதியே தேமுதிகவுக்குப் போனது.

இதே ஊரில் இன்னொரு அரசியல் குடும்பத்தையும் பார்க்கலாம். ஏ.ஜி. சுப்புராமன் காங்கிரஸில் இரண்டு முறை மதுரை எம்.பி.; அவர் மகன் ராம்பாபு 1989, 1991, 1996 என்று மூன்று முறை. அவர்களுக்குச் சௌராஷ்டிர சமூகத்தின் பின்புலம் இருந்தது. கட்சி தேய்ந்தபோது அதோடு அவர்களும் ஒதுங்கிப் போனார்கள். பி.டி.ஆர். குடும்பத்துக்குச் சமூக பலமும் இல்லை, சொந்தக் கட்சி ஒருமுறை போயும் விட்டது. இருந்தும் மூன்றாம் தலைமுறைக்கு வந்தது என்றால், தேய்ந்த கட்சியை விட்டுத் தேயாத கட்சிக்குள் இடம் பிடித்ததுதான் காரணம்.

மூன்றாம் தலைமுறை திரும்பி வந்ததும் மதுரையில் வேறு காற்று அடித்தபோதுதான். 2014இல் அழகிரி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வங்கித் தொழிலில் இருந்த பழனிவேல் தியாகராஜன் 2016இல் அப்பாவின் மத்தியத் தொகுதியில் நின்று ஆறாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021இல் அதே இடத்தில் வித்தியாசம் 34 ஆயிரத்தைத் தாண்டியது. நிதியமைச்சர் ஆனார். ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, தமிழகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் சுமார் 2.63 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது என்றார். அப்பாவிடம் இருந்த தணிவு இவரிடம் கிடையாது. ட்விட்டரில் சண்டை, தொலைக்காட்சியில் சண்டை, ஜிஎஸ்டி கவுன்சிலிலும் சண்டை. ஆக, மிதவாதம் சொத்து மாதிரி பத்திரம் எழுதிக் கைமாறுவதில்லை.

ஆனால் நின்ற இடம் அதேதான். கட்சிக்குள் தனிப்பட்ட ஆள்பலம் இல்லை. தலைமை எவ்வளவு நம்புகிறதோ அவ்வளவுதான் பலம். 2023இல் அவருடையது என்று ஓர் ஒலிப்பதிவு பரவியது. ஜோடிக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். சில வாரங்களில், மே 11 அன்று, நிதித்துறை போய்த் தகவல் தொழில்நுட்பத் துறை வந்தது. ஆட்கள் பின்னால் இருக்கும் மாவட்டச் செயலாளர்-அமைச்சர் ஒருவரை இவ்வளவு சத்தமில்லாமல் மாற்றியிருக்க முடியாது.

2025 ஏப்ரலில் சட்டசபையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தன் துறைக்கு நிதியும் அதிகாரமும் குறைவு என்று எல்லோர் முன்னிலும் அவர் சொன்னார். சபாநாயகர் அப்பாவு குறுக்கிட்டு, இதையெல்லாம் முதல்வரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்கிற மாதிரி சொன்னார். பழனிவேல்ராஜன் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் மகனிடம் அனேகமாக அதையேதான் சொல்லியிருப்பார்.